சென்னைக்கு ஒரு தும்பிக்கை இருந்தது

பதிவு மேசையில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள், சொன்னேன். ஊரைக் கேட்டாள், "சென்னை" என்றேன்.

"இல்ல சார், சொந்த ஊரு?"

"அதுவும் சென்னைதான்."

நிமிர்ந்து பார்த்தாள். இந்த நகரத்தில் பிறந்தவர்களுக்குப் பழகிப்போன பார்வை அது. திருவல்லிக்கேணியில் பிறந்து, அங்கேயே படித்து, இன்னும் அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால், "அது சரி, அப்பாவுக்கு எந்த ஊரு?" என்று ஒரு தலைமுறை பின்னால் போய்த் தேடுவார்கள். பொங்கலுக்கு விட்டுவிட்டுப் போகிற ஊர் யாருக்காவது சொந்த ஊராக இருக்க முடியுமா?

அவள் அச்சிட்டுக் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பெயர் சின்னதாக, ஊர் பெரிதாக. புதிதாக வந்திருக்கும் ஏதோ ஓர் எழுத்துரு. 'செ' அழகாக இருந்தது. 'ன்' அதைவிட அழகு. 'னை'யில்தான் கோளாறு. இணைக்கொம்பின் இரண்டாவது சுழி பக்கத்து 'ன'வின் முதுகில் லேசாக இடித்துக்கொண்டு நின்றது. வேறு யார் கண்ணிலும் படாது. இருபத்தைந்து வருடம் வார இதழ்களில் பக்கம் கட்டியவனுக்கு அது செருப்புக்குள் புகுந்த கல். இரண்டு நாளும் அந்தக் கல்லைக் கழுத்தில் தொங்கவிட்டபடி திரிந்தேன்.

ஜனவரி மாதம், கிண்டிப் பக்கம் ஓர் அரங்கு. எழுத்துரு, வடிவமைப்பு பற்றிய இரண்டு நாள் மாநாடு. புனே, பெங்களூரு, திருவனந்தபுரம், கொழும்பு என்று பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் முப்பது வயதுக்குள். எழுத்துரு செய்கிறவர்கள், கற்பிக்கிறவர்கள், படிக்கிறவர்கள், பெயர்ப்பலகை எழுதுகிற இரண்டு பேர், பிறகு என்னைப் போல வேலையிலேயே காலத்தைத் தள்ளிவிட்டு இதற்கெல்லாம் மாநாடு நடக்கிறதா என்று வந்து பார்த்த சிலர்.

சொந்த ஊரில் மாநாட்டுக்குப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு நாளும் மாநாடுதான். ராத்திரி ஓட்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து, பகலில் மேடையில் பேச முடியாததையெல்லாம் பேசுவார்கள். எனக்கோ ஐந்து மணிக்கே போன் வந்துவிடும். வரும்போது பால் வாங்கி வா, அம்மாவின் பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, கேஸ்காரன் வந்துவிட்டுப் போய்விட்டான். மெட்ரோவில் ஏறியதும் மாநாட்டுக்காரன் உதிர்ந்து வீட்டுக்காரன் மட்டும் மிஞ்சுவான்.

முதல் நாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்றபோதுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. எல்லோர் கையிலும் என் ஊர் இருந்தது. போன்களில் படம் படமாக. ஆட்டோ முதுகில் எழுதிய பெயர்கள், சலூன் போர்டு, 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்ற சுவரெழுத்து, ஜாம்பஜார் தராசுக் கடையின் துருப்பிடித்த தகரப் பலகை. புனேயிலிருந்து வந்த ஒருவர் காட்டிய படத்தில் இருந்தது எங்கள் தெருமுனை சலூன். நாற்பது வருடமாக அங்கேதான் முடிவெட்டிக்கொள்கிறேன். அந்தப் போர்டில் 'ழ'வின் வாலை நீட்டி இழுத்து, அடியில் சீப்பு மாதிரி வளைத்திருக்கிறான் எழுதிய ஆள். நான் கவனித்ததே இல்லை. என் தலையைச் சலூன்காரர் பார்த்துவிட்டார், நான் அவர் பலகையைப் பார்க்கவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டு முடிப்பதற்குள் கொஞ்சம் எரிச்சலும் சேர்ந்துகொண்டது. இத்தனை படங்களில் ஒன்றில்கூட ஒரு பக்கம் இல்லை. ரேஷன் கடை அறிவிப்பு இல்லை, பாடப்புத்தகம் இல்லை, தினசரியின் ஐந்தாம் பக்கம் இல்லை. எல்லாமே பெரிய எழுத்து. பெரிய எழுத்தை யாரும் ரசிக்கலாம், அது நம்மைக் கூப்பிட்டு நிறுத்துகிறது. சின்ன எழுத்து அப்படியில்லை. தன்னைக் காட்டிக்கொள்ளாமல், படிக்கிறவரைத் தாண்டிப் போகவிட வேண்டும். இந்த ஊர் தமிழ் எழுத்துக்குச் செய்த பெரிய காரியம் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்ல இரண்டு நாள் வாய்ப்புத் தேடினேன். வாய்ப்பு நான் எதிர்பார்க்காத விதத்தில் வந்தது.

ஏழா, பதின்மூன்றா?

அதற்கு முன், கழுத்தில் தொங்கிய 'னை'.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அந்த எழுத்து மாறியது. அதற்கு முன்னால் 'னை' என்று எழுத இணைக்கொம்பு தேவையில்லை. 'ன'வின் மேலேயே ஒரு வளைவு எழும்பி, தும்பிக்கை மாதிரி சுருண்டு இறங்கும். ண, ல, ள, ன ஆகிய நான்குக்கும் அப்படித்தான். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் கிடையாது, எழுத்தின் வாலே கீழே சுழன்று காலாகிவிடும். பிள்ளைகளுக்குப் பிடித்த எழுத்துகள் அவை. என் ஊரின் பெயரிலேயே ஒரு யானை இருந்தது, அந்த 'யானை'க்கும் ஒரு தும்பிக்கை இருந்தது.

1978 அக்டோபர் 19இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. பெரியார் 1935இலிருந்து 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை, அவருடைய நூற்றாண்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்டது. 'ஐ'யை 'அய்' என்றும், 'ஔ'வை 'அவ்' என்றும் எழுதலாம் என்ற அவருடைய யோசனையை மட்டும் விட்டுவிட்டார்கள். பதின்மூன்று எழுத்துகள் மாறின என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். கணக்கு சரிதான்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, பிறகு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. ஆனால் அச்சுக்கோப்பவரிடம் கேட்டால் ஏழுதான் என்பார். கடைசி ஆறுக்கும் தனி அச்சு கிடையாது. கொம்பைப் போட்டு, பக்கத்தில் பழைய ணா, றா, னா அச்சை வைத்தால் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பதின்மூன்று, அச்சுக்கூடத்துக்கு ஏழு. ஒரே சீர்திருத்தத்தை எந்த நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. கொல்லத்தில் அச்சாகியது, பதினாறு பக்கம், என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் மொழிபெயர்த்தது. அதில் இருக்கும் தேதி 1578 அக்டோபர் 20. அரசாணைத் தேதியோடு ஒப்பிட்டால் நானூறு வருடத்துக்கு ஒரு நாள் குறைச்சல். அது பழைய ஜூலியன் காலண்டர் என்று இந்த இடத்தில் யாராவது கை தூக்குவார்கள். மாநாட்டில் தூக்கினார்கள்.

எங்கள் வகுப்பில் நடந்தது குழப்பம்தான். புத்தகத்தில் ஒரு 'லை', கரும்பலகையில் வேறு 'லை'. டீச்சர் புது எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் கைப்பழக்கத்தில் தும்பிக்கையைப் போட்டுவிடுவார். நாங்கள் ஒரே குரலில் "டீச்சர்ர்ர்" என்போம். பெரியவர்களைத் திருத்துகிற சுகம் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் கிடைத்தது.

வழிகாட்டியாக்கப்பட்ட கதை

இரண்டாம் நாள் காலை, ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு வேன் ஏற்பாடாகியிருந்தது. வழிகாட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல். ஏற்பாட்டாளர்கள் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். சொந்த ஊர் சென்னை என்று போட்டிருந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. முந்தின ராத்திரி போன் வந்தது. எனக்குத் தெருக்கள் தெரியும், கதை பாதிதான் தெரியும். மிச்சத்தைப் பால் வாங்கிக்கொண்டு வந்த பிறகு ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து படித்தேன்.

முதல் நிறுத்தம் வேப்பேரி. 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது, ஆளுநர் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரத்தை தளபதி அயர் கூட்டின் படை சென்னைக்குக் கொண்டுவந்தது. இங்கே அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. வேப்பேரியில் இருந்த ஜெர்மன் பாதிரியார் பெப்ரிசியஸ் கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலை வந்தால் முதலில் அதை அச்சடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். போர்க்கொள்ளையில் வந்த இயந்திரத்தில்தான் இந்த நகரத்தின் அச்சுத்தொழில் தொடங்கியது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் இங்கேதான் அச்சாகியது.

வேனில் வந்தவர்கள் தேவாலயத்தைப் படமெடுத்தார்கள். வேறு எதைப் படமெடுப்பது? நான் சொன்ன கதை எதற்கும் அங்கே போர்டு இல்லை. எதிரே ஒரு டயர் கடை இருந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் அந்த டயர் கடையின் 'ட'வைப் படமெடுத்துக்கொண்டார். விட்டுவிட்டேன்.

சின்ன எழுத்தைப் பற்றி அங்கே நின்றுதான் ஆரம்பித்தேன். வேப்பேரிக்கு அரை நூற்றாண்டு முன்னால், தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. வார்த்தவர்கள் தமிழ் படித்தவர்கள் அல்ல. எழுத்துகள் பூதாகரமாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அடித்தால் இருக்கிற காகிதம் காணாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்னதாக எழுத்து வார்த்தார்கள். உலோகத்துக்கு வழியில்லாமல், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயத் தகட்டு உறைகளை உருக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1715இல் புத்தகம் முடிந்தது. காகிதப் பஞ்சம்தான் தமிழ் எழுத்தைப் புத்தகத்துக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருக்கியது.

அடுத்த நூற்றாண்டில் அந்த வேலை சென்னையில் தொடர்ந்தது. அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்திய பி.ஆர்.ஹண்ட் இன்னும் சின்னதாக, ஆனால் தெளிவு கெடாத எழுத்துகளை வெட்டவைத்தார். 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதிக்குள் அடைத்திருக்கிறார்கள், ஒரு 'ண'வின் மூன்று சுழியும் ஒட்டிக்கொள்ளவில்லை. தரங்கம்பாடியின் முதல் பெரிய எழுத்தில் அதே அகராதியை அடித்திருந்தால் மாட்டுவண்டியில்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது நிறுத்தம் தங்கசாலை. பழைய நாணயச்சாலைக் கட்டடத்துக்குள்தான் அரசு அச்சகம் வந்தது. உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்றே பேசினேன். நாணயம் அடித்த இடத்தில் அரசிதழ் அடித்தார்கள் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சல்காரர் சொல்லவிருந்த நகைச்சுவையாகவும் அது இருந்திருக்கலாம்.

கடைசி நிறுத்தம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தோற்றுப்போன மாதிரி இருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாக ஒரு லட்சத்தைத் தொடுகிற அளவுக்குப் புத்தகமும் இதழும் துண்டுப்பிரசுரமும் சேர்த்தவர். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக்க வழிசெய்தது. பழைய குஜிலிச் சந்தைக் கடைகளில் காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் வரை அதில் உண்டு. கொலைச்சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, நாடக நோட்டீசு. எல்லாம் தமிழின் சின்ன எழுத்து. அந்த மனிதரின் தொழில் என்ன தெரியுமா? பெயர்ப்பலகை எழுதுவது. பெரிய எழுத்து எழுதிச் சம்பாதித்ததில் சின்ன எழுத்தை வாங்கி வாங்கி அடுக்கியிருக்கிறார். இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொண்டு சண்டை போட்டவன் நான் மட்டும்தான்.

பதினேழும் முப்பதும்

பகல் அமர்வு ஒன்றில், இளைஞர் ஒருவர் தன் புது எழுத்துருவைத் திரையில் காட்டினார். உண்மையிலேயே நல்ல வேலை. 'அ'வின் வளைவு மூச்சுவிட்டது. 'மழை', 'கடல்', 'அன்பு', 'நிலா' என்று ஒவ்வொரு சொல்லாகத் திரை முழுக்க விரித்தார். பிறகு சங்கப் பாட்டில் ஒரு வரி, பாரதியில் ஒரு வரி. கைதட்டல்.

எழுத்துரு மாதிரித் தாள்களில் இருக்கும் தமிழ், உலகத்திலேயே மிகச் சின்னச் சொற்களைக் கொண்ட மொழி. நான் பார்க்கும் தமிழ் வேறு. கேள்வி நேரத்தில் எழுந்து ஒரு சொல்லைக் கொடுத்தேன். இதழில் ஒவ்வொரு வாரமும் வந்து என் உயிரை எடுக்கும் சொல்: 'எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது'. "இதை ஒன்பதரைப் பாயிண்டில், ஐந்து சென்டிமீட்டர் பத்தியில் போட்டுக் காட்டுங்கள் தம்பி."

அரங்கில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை, போட்டார். சொல் ஒரு வரியில் அடங்காமல் கீழே போய்விட்டது, மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களும் ஆளுக்கொரு மூலையில் கோபித்துக்கொண்டு நின்றன. நடுவில் சைக்கிள் ஓட்டலாம்.

இது யாருடைய குற்றமும் இல்லை. தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீள்வது, வார இதழ்ப் பத்தியோ ஒல்லி. ஈயக் காலத்து அச்சுக்கோப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் மாதிரி கோடு போட்டு உடைப்பதில்லை. இடம் தீர்ந்த இடத்தில் சொல்லை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். படிக்கிறவன் தடுக்காமல் தாண்டிவிடுவான். ஒரே ஒரு கட்டளை: புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வந்து உட்காரக் கூடாது. மெய்யெழுத்து தனக்கு முன்னால் வரும் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒலிக்கும். அதைப் பிரித்தால் நாக்கு இடறுகிறது. என் சித்தப்பா திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருந்தார். வரித் தலையில் 'க்' வந்துவிட்டால், "அநாதைப் புள்ளையை வாசல்ல உட்கார வெச்சுட்டியே" என்று திட்டுவார்.

அந்தக் கணக்கையும் அங்கேயே போட்டுக் காட்டினேன். அந்தச் சொல்லில் பதினேழு எழுத்து. நடுவே பதினாறு இடுக்கு. அதில் ஆறு, புள்ளி எழுத்துக்கு முந்தியவை, தொடக்கூடாது. மிச்சம் பத்து இடங்களில் எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். பத்து வாசல் உள்ள வீட்டுக்கு, மென்பொருள் வாசலே இல்லை என்கிறது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து திருத்தினாள். "சார், பதினேழுன்னு நீங்க சொல்றீங்க. கம்ப்யூட்டர் அதை முப்பதுன்னு எண்ணும்." அவள் சொன்னது சரி. 1991இல் வந்த கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடு, தமிழை இந்தியாவின் மற்ற எழுத்துகளோடு சேர்த்து ஒரே சட்டத்தில் வார்த்தது. அதில் 'க'வுக்கு ஓர் இடம், புள்ளிக்கு ஓர் இடம். 'க்' என்றால் இரண்டு. 'டு' இரண்டு, 'கொ' இரண்டு. எண்ணிப் பார்த்தேன், முப்பதேதான். 247 எழுத்து என்று மனப்பாடம் செய்த நமக்கு 'க்' பிறவியிலேயே ஒற்றை எழுத்து. இயந்திரத்துக்கு அது புள்ளி சுமக்கிற 'க'. ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி இடம் கேட்டுச் சிலர் பல வருடம் வாதாடினார்கள். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து, அப்படிப்பட்ட 'டேஸ்' முறையையும் ஏற்று ஆணையிட்டது. அதற்குள் உலகம் யூனிகோடில் குடியேறிவிட்டது.

இதெல்லாம் அறிஞர்கள் சண்டை என்று நினைத்தால், பேருந்து நிறுத்தத்துப் பலகையைப் பாருங்கள். 'கொ' உடைந்து, கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். சில இடங்களில் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிப் புள்ளியாய் ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு கொக்கி. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கவில்லை என்று அர்த்தம். லட்ச ரூபாய் செலவில் அந்தப் பலகை நிற்கும், ஆனால் அந்தப் பொத்தான் இருப்பதைச் சொல்லித்தர ஆளில்லை. மாநாட்டில் யாரும் அதைப் படமெடுத்துக்கொண்டு வரவில்லை. நான் வைத்திருந்தேன், பன்னிரண்டு படம். காட்டினேன். கைதட்டல் வரவில்லை, ஆனால் யாரும் போனைப் பார்க்கவும் இல்லை.

டீ இடைவேளை

டீ குடிக்கும்போது கேரளத்துப் பேராசிரியை ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கழுத்து அட்டையின் 'னை'யைப் பற்றி நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, அவர்கள் ஊர்க் கதையைச் சொன்னார். மலையாளத்தில் உகர, ஊகாரக் குறிகள் எழுத்தோடு ஒட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவமாக இருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் அடங்கவில்லை என்று 1971இல் அவற்றைப் பிரித்து வைத்தார்கள். கணினி வந்தது, இட நெருக்கடி போனது. 1999இல் 'ரசனா' என்ற முயற்சி பழைய வடிவங்களை முழுவதுமாக எழுத்துருவில் கொண்டுவந்தது. இன்று கேரளத்தில் புத்தகங்கள் நிறையப் பழைய வடிவத்தில் வருகின்றன. "இயந்திரத்துக்காகச் செய்ததை, இயந்திரம் போன பிறகும் ஏன் வைத்திருக்க வேண்டும்?" என்று கேட்டார்.

எங்களுக்கும் அப்படியொரு கத்தி நெருங்கியது என்றேன். கு, சு, டு, பு, மு என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைகின்றன. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நான்கும் ஏறிய எழுத்துகள் எழுபத்திரண்டு. அவற்றை நான்கே குறிகளுக்குள் கொண்டுவரலாம் என்றவர் வா.செ.குழந்தைசாமி. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அண்ணா பல்கலைக்கழகம், அவர் துணைவேந்தராக இருந்த இடம். பிள்ளைகள் கற்பது எளிதாகும் என்பது அவர் வாதம். எதிர்ப்பு பலமாக எழுந்தது, நடக்கவில்லை. நடக்காதது நல்லது என்பது என் எண்ணம். ஒரு பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலும் 'கு'வும் 'டு'வும் தனித்துத் தெரிவதால்தான் கண் எழுத்தெழுத்தாகத் தடவாமல் சொல்லாகப் பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வால் ஒட்டினால் பக்கம் சீருடை போட்ட பள்ளிக்கூடமாகிவிடும்.

"அப்படியானால் தும்பிக்கை திரும்பி வரலாமே?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வரலாம். தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை. யூனிகோடைப் பொறுத்தவரை பழைய 'னை'யும் புதிய 'னை'யும் ஒரே எழுத்து, எந்த உடையில் காட்டுவது என்பது எழுத்துருவின் விருப்பம். ஒரு புத்தகத்தில் நானே அதைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகள் கொம்போடு படித்துவிட்டார்கள். பெரியாருக்கு எழுத்தில் பக்தி இல்லை, எழுத்து ஒரு கருவி என்றுதான் பார்த்தார். அதில் எனக்கு உடன்பாடு. ஆறு வயதில் பார்த்த யானைமீது எனக்கு இருக்கும் பாசத்தை ஒரு தலைமுறைமேல் திணிக்க முடியுமா? இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறவன் டீயை ஆறவிட்டுவிடுகிறான்.

மாலையில் நாலைந்து பேரை நந்தனம் புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போனேன். 1977இல் தொடங்கியது. காயிதே மில்லத் கல்லூரியில் நடந்த நாட்களிலிருந்து நான் போய்வருகிறேன். சலூன் போர்டைக் கண்டுபிடித்த புனேக்காரர் அங்கேதான் அசந்துபோனார். தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு கடையிலும் புத்தகத்தைப் பிரித்து, எழுத்தை மட்டும் பார்த்தார். ஓவியர் கே.எம்.ஆதிமூலம் கைப்பட எழுதிய தலைப்பெழுத்து ஒரு பழைய அட்டையில் இருந்தது. தூரிகை காய்வதற்குள் இழுத்த மாதிரி இருக்கும் அந்த எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே திருப்பினார். "ஏன் எல்லாப் புத்தகத்திலும் உள்ளே ஒரே எழுத்து?" என்றார். அதிகமில்லை, மூன்று நான்கு எழுத்துருக்களைத்தான் பெரும்பாலும் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறோம் என்றேன். திரைக்கு இன்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்', இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'பவனம்', 'கவிவனார்' எல்லாம் யாரும் இறக்கிக்கொள்ளலாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த 'இணைமதி'யை ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் பெயர் தெரியாமலே படித்துக்கொண்டிருக்கிறார்கள். முந்நூறு பக்க நாவலுக்கு, மஞ்சள் தாளில், கண் களைக்காமல் ஓடுகிற எழுத்து என்று கேட்டால்தான் கை தயங்குகிறது. அதைச் செய்ய வருடக்கணக்காகும். செய்து முடித்தால், யாரும் கவனிக்காததுதான் அதன் வெற்றி. எந்த இளைஞன் அதற்கு உட்காருவான்?

என் கேள்விக்குப் பலியான அந்தத் தம்பி எங்களோடு வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்தச் சொல்லு இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று போனில் குறித்துக்கொண்டார். "இது மாதிரி ஒரு நூறு சொல்லு அனுப்ப முடியுமா?"

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. அம்மா சாப்பாட்டு மேசையில் மளிகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். எண்பத்தோரு வயது. அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். எடுத்துப் பார்த்து, "ஊர் பேரு எதுக்குடா இவ்ளோ பெரிசு?" என்று திருப்பி வைத்தாள். 'னை'யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியலைப் பார்த்தேன். வெற்றிலை, கறிவேப்பிலை, முளைக்கீரை, வெள்ளைப் பூண்டு, நல்லெண்ணெய். 'லை'யிலும் 'ளை'யிலும் ஒன்று தப்பாமல் தும்பிக்கை. அரசாணை இந்தச் சமையலறைக்குள் வந்ததே இல்லை. இத்தனை வருடமாக வாரந்தோறும் இந்தக் காகிதத்தைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சலூன் போர்டைப் போலவே.

படமெடுத்து அனுப்பினேன். கடையில் புதுப் பையன், இருபது வயதுகூட இருக்காது, 2000க்குப் பிறகு பிறந்தவன். இந்த எழுத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. தும்பிக்கையில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

"அண்ணே, அம்மா லிஸ்ட்டு. எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். பூண்டு மட்டும் நூறு கிராமா, நானூறா? ஒன்னா நாலான்னு தெரியல."